இருபத்தைந்தாம் நாளின் சிரிப்பு

நகைச்சுவைக் கலைஞன் ஒருவனை எடைபோட விரும்புவோர் அவனது முதல்நாள் நிகழ்ச்சிக்குச் செல்லுதல் ஆகாது; கடைசி நாள் நிகழ்ச்சிக்கே செல்லுதல் வேண்டும் என்பது நமது கருத்து. முதல்நாள் அரங்கில் அமர்ந்திருப்போர் நண்பர்கள், உறவினர், இலவசச் சீட்டுப் பெற்றோர். அவர்களது சிரிப்பு மொய்ப்பணம் போன்றது. கொடுத்தவர் எவரென்று குறித்து வைத்துக்கொள்ளலாமேயன்றி அதைக்கொண்டு கலியாணத்தின் சிறப்பை அளக்க இயலாது. ஆனால் ஒரே நிகழ்ச்சியை ஒரே கூடத்தில் நாள்தோறும் நிகழ்த்தி, தொண்டை கட்டி, கண் குழிந்து, இருபத்தைந்தாம் நாளும் அதே சொற்களைச் சொல்வதற்காக ஒருவன் வந்து நிற்கிறானே, அன்று பிறக்கும் சிரிப்பு எவருக்கும் கடன்பட்டதன்று.

இத்தகைய சோதனைக்குப் பெயர்பெற்ற இடம் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். இரண்டாம் உலகப்போர் முடிந்த ஈராண்டில், 1947இல், அங்கே சர்வதேசக் கலைவிழா ஒன்று தொடங்கப்பெற்றது. அழைக்கப்பெற்றோர் பெரிய மேடைகளில் ஏறினர். அழைக்கப்பெறாத எட்டு நாடகக் குழுவினரும் தாமாகவே வந்து, கிடைத்த கூடங்களில் நடித்துவிட்டுப் போயினர். அந்த அழையா விருந்தாளிகளின் விழா 'ஃப்ரின்ஜ்', அதாவது விளிம்பு, என்னும் பெயர் பெற்று வளர்ந்தது. இன்று ஒவ்வோர் ஆகஸ்டு மாதத்திலும் மூன்றரை வார காலம் 3,000க்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் அந்நகரில் நடைபெறுகின்றன. அவற்றுள் நகைச்சுவைக்கே பெரும்பங்கு. தேர்வுக்குழு என ஒன்று இல்லை. இடம் பிடிக்க வல்லார் எவரும் ஆடலாம். தேவாலயக் கூடம், மதுக்கடையின் மாடி, கல்லூரி வகுப்பறை என எல்லாம் அரங்குகளாகி விடுகின்றன. கலைஞர்களே பகலெல்லாம் தெருவில் நின்று துண்டறிக்கை வழங்குவர், மாலையில் மேடையேறுவர். கைப்பொருளை இழந்து திரும்புவோரே பலர்.

ஒரு மாதத்தில் ஒரு நகைச்சுவைக்கு என்ன நேர்கிறது என்பது ஆராயத்தக்கது. முதல் வாரத்தில் கலைஞன் தனக்குப் பிடித்ததைச் சொல்கிறான். இரண்டாம் வாரத்தில் எது சிரிப்பைக் கொணர்கிறதோ அதைச் சொல்கிறான். அதன்பின் வருவதுதான் இடர்ப்பாடு. எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தமையால் அந்த இடத்திற்கு அவசரப்படுகிறான். அவசரப்பட்டமையால் சிரிப்பு வராது போகிறது. சொல்லின் வரிசை அப்போதுதான் அவன் கண்ணுக்குப் புலனாகிறது. ஆங்கிலத்தில் பேசுவோன் முத்தாய்ப்பான சொல்லை வாக்கியத்தின் ஈற்றில் வைத்துவிட்டால் போதும். நமது மொழியிலோ, மராத்தியிலும் அவ்வாறே, ஈற்றில் வினைமுற்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆகவே வினையை முன்னே தள்ளி, யார் என்பதைப் பின்னே விட்டு, 'வந்து நின்றான் பாருங்கள்' என்று சொல்லி ஒரு நொடி நிறுத்தி, அதன்பின் பெயரைச் சொல்லும் வழக்கத்தைத் தமிழ்க் கதைசொல்லிகள் கண்டறிந்தனர். பாட்டிமார்க்கும் இது தெரியும். இலக்கணத்தில் இதற்கு என்ன பெயர் கொடுத்தாலும், இதைப் பயிற்றுவது மேடையும் நாட்பழக்கமுமே.

ஆயினும் சொல்வரிசையைக் காட்டிலும் ஆழமான ஒன்றையும் அந்த மாதம் சோதிக்கிறது. அது, இந்தச் சிரிப்பு யாரைப் பற்றியது என்னும் கேள்வி.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தார். நகை தோன்றும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலை முதலாவதாக வைத்தார். உரையாசிரியர் பேராசிரியர் அந்த எள்ளலை மேலும் இரண்டாகப் பகுத்துக் காட்டுவார். தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்ட விடத்துத் தானே நகுவது மற்றொன்று. நாம் இதைப் பாடத்தில் படித்தபோது இரண்டாவது வகையை ஓர் உரைநயம் என்றே எண்ணிக் கடந்து சென்றோம். மற்றவன் கேலி செய்தால் அழுகை வரும், அன்றேல் சினம் வரும், சிரிப்பு எங்ஙனம் வரும் என்றும் ஐயுற்றோம். பிறமொழி ஊரில் பல்லாண்டு வாழ்ந்த பின்னரே பேராசிரியர் எத்துணை நுட்பமாகக் கண்டிருக்கிறார் என்பது விளங்கிற்று.

எடின்பரோவின் அண்மைக்கால வரலாற்றை இவ்வகுப்பினைக் கொண்டு நோக்குவோம். ரோமேஷ் ரங்கநாதன் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978இல் இங்கிலாந்தின் கிராலி நகரில் பிறந்தவர். அவ்வூர்ப் பள்ளியிலேயே கணித ஆசிரியராக இருந்தவர். ஆசிரியத் தொழிலை விட்டு மேடைக்கு வந்து, 2013இல் எடின்பரோ விழாவின் சிறந்த புதுமுகத்துக்கான பரிசுப் பட்டியலிலும், அடுத்த ஆண்டு முதன்மைப் பரிசுப் பட்டியலிலும் இடம்பெற்றார். இரண்டு பரிசுகளும் அவருக்குக் கிட்டவில்லை, புகழ் கிட்டியது. அவருடைய நகைச்சுவையின் பெரும்பகுதி இதுதான்: வெள்ளையர் நாட்டில் கறுத்த மேனியன், தமிழ்க் குடும்பத்திலோ ஆங்கிலேயனாகிவிட்ட மகன், இரு பக்கத்தாரும் தன்னைப் பார்த்துத் தலையசைக்க நடுவில் நிற்கும் ஒருவன். 2015இல் பிபிசிக்காக அவர் தயாரித்த தொடரில், மகன் தன் வேர்களை அறியவில்லை என்னும் தாயின் குறையே கதைக்குத் தூண்டுகோல். தாய் சாந்தி அத்தொடரில் தாமே தோன்றுகிறார். அம்மாவைப் பற்றிய வேடிக்கை எவருக்கும் எளிது. ஆனால் அம்மாவையே பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அவர் திருப்பிச் சொல்லும் மறுமொழிக்கும் இடம் விடுதல் எளிதன்று. பெரும்பாலான இடங்களில் மகனைக் காட்டிலும் தாயே நன்றாகச் சிரிக்க வைக்கிறார் என்பது நமது தீர்ப்பு.

2023ஆம் ஆண்டு விழா நம்மவர்க்கு இன்னும் குறிப்பிடத்தக்கது. புதுமுகப் பரிசை மும்பையிலிருந்து சென்ற உரூஜ் அஷ்ஃபாக் என்னும் இளம்பெண் பெற்றார். தம் சிறுவயது நாட்குறிப்பை மேடையில் படித்துக் காட்டித் தம்மையே கேலிப்பொருளாக்கிக்கொண்டவர் அவர். முதன்மைப் பரிசைப் பெற்ற அஹிர் ஷா, 1960களில் குடும்பத்தைப் பிரிந்து பிரிட்டனுக்குப் பிழைக்கச் சென்ற தம் பாட்டனாரைப் பற்றிய நிகழ்ச்சிக்காக அதைப் பெற்றார். ரயிலேறி வந்து, ஓர் அறையில் நால்வராய்த் தங்கி, மணியார்டர் அனுப்பி, ஈராண்டு கழித்துக் குடும்பத்தை அழைத்துவந்த தந்தையரை நாமும் அறிவோம். கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களில் அப்படி ஒருவர் இல்லாத குடும்பம் அரிது. அத்தந்தையரை வைத்து எவரேனும் ஒரு மணிநேரம் நம்மைச் சிரிக்க வைத்ததுண்டா?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். தனி ஒருவன் நின்று நாள்கணக்கில் பேசிச் சிரிக்க வைப்பது மேனாட்டுச் சரக்கு, நமக்கு அது எதற்கு என்று கேட்போர் உளர். அவர்கள் நம் ஊரின் வரலாற்றையே அறியாதவர்கள் என்போம். சதாசிவப் பேட்டையின் நாரதர் மந்திரில் கீர்த்தனம் கேட்டவர்க்குத் தெரியும், தனியாள் அரங்கக்கலைக்கு மராட்டிய நாடு எத்துணைப் பழைய தாயகம் என்பது. கீர்த்தனகாரர் ஒருவரே; அரசனும் அவரே, சேவகனும் அவரே, இடையிடையே பக்கத்துத் தெரு மாமியாரும் அவரே. இக்கலை மராட்டியர் ஆண்ட தஞ்சைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தம் பெயரிலேயே மோர்காவ் என்னும் ஊரைச் சுமந்த ராமச்சந்திர மோர்காவ்ங்கர் பாவா என்பார் தஞ்சையில் நிகழ்த்திய கீர்த்தனங்களைக் கேட்டே தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தமிழ் ஹரிகதையைப் புதுமுறையில் அமைத்தார் என்பது இசை வரலாறு. மோர்காவ் எது என்று நம்மவர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. அஷ்ட விநாயக யாத்திரையில் முதலில் வணங்குகிறோமே, அந்த மயூரேசுவரர் குடிகொண்ட ஊர், இதே புனே மாவட்டத்தில் உள்ளது.

அந்த மரபு தமிழில் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு சான்று போதும். நல்லதம்பி (1949) படத்தில் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் செய்த கிந்தனார் கதாகாலட்சேபம். தில்லைக்குப் போகத் துடித்த நந்தனாரின் இடத்தில், படிக்கத் துடிக்கும் கிந்தனாரை நிறுத்தினார். பாகவதரின் அபிநயம், இராகம், சப்ளாக்கட்டை யாவும் அப்படியே. உள்ளே இருந்தவன் மட்டும் புதியவன். எள்ளப்பட்ட குலத்தானைக் கதாநாயகனாக்கி, எள்ளியவர்களின் கலைவடிவத்தைக் கொண்டே சிரிக்க வைத்தார். கிருபானந்த வாரியார் சுவாமிகள் நாள்கணக்கில் தொடர்ந்து நிகழ்த்திய சொற்பொழிவுகளில் குலுங்கிச் சிரித்தோர் தாம் நகைச்சுவை நிகழ்ச்சி பார்த்ததாக எண்ணியதில்லை. ஆனால் அது நடந்தது. அண்மையில் அலெக்சாண்டர் பாபு, இராமநாதபுரத்துச் சிறுவன் ஒருவன் திரைப்பாடலின் வழியே வளர்ந்த கதையைத் தனியாளாகப் பாடியும் பேசியும் காட்டினார். 2019இல் இணையவழி வெளியான அந்நிகழ்ச்சியைப் புதுமை என்று பாராட்டினார்கள். நாம் அதைக் காலட்சேபம் என்றே கேட்டோம்; மகிழ்ந்தோம்.

இனி நம் ஊர்க்காரருக்கு வருவோம். பு. ல. தேஷ்பாண்டே பிறந்தது 1919இல், மும்பையில்; வாழ்ந்து மறைந்தது 2000ஆம் ஆண்டில், புனேயில். மராத்தியர் அவரைப் 'பு ல' என்றே சொல்வர், வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல. 1958இல் நூலாக வந்த 'படாட்யாச்சி சாள்' என்பதை 1960களின் தொடக்கத்தில் அவர் தனியாளாக மேடையேற்றினார். மும்பையின் பழைய சாள் கட்டடம் ஒன்று; நீண்ட தாழ்வாரம்; ஒட்டி ஒட்டிக் குடித்தனங்கள். கொங்கணியர், குஜராத்தியர், சங்கீதப் பித்தர், உடம்பிளைக்க உபவாசம் இருந்து ஊரார் அறிவுரையால் நொந்துபோகும் பந்த் என ஒவ்வொருவரும் ஒரே உடம்பிலிருந்து வெளிவருவர். ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும் இன்றும் கிடைக்கின்றன. மராத்தி அரைகுறையாகத் தெரிந்தவரும் கேட்கலாம். அரைகுறையாகத் தெரிந்தவர் கற்றுக்கொள்ள அதனினும் நல்ல பாடநூல் இல்லை.

அவரும் பேச்சுவழக்குகளைப் பாவனை செய்தவரே. கொங்கணி உச்சரிப்பும் குஜராத்தி இழுப்பும் அவர் வாயில் வரும்போது அரங்கு அதிரும். அப்படியானால் அவர் செய்ததும் எள்ளல்தானே, முதல்வகை எள்ளல்தானே எனலாம். அன்று என்பது நம் கட்சி. அந்தச் சாளில் பேசுவோன் வேடிக்கை பார்க்க வந்தவன் அல்லன். வாடகை கொடுக்கும் குடித்தனக்காரன். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு கவலையைக் கொடுத்திருக்கிறார். கவலையில்லாத குரல் அங்கே ஒன்றுகூட இல்லை. கடைசிப் பகுதியில், மறையப்போகும் அந்தச் சாளையே நினைந்து அவர் பேசும்போது, அதுவரை சிரித்தவர்கள் தாம் எந்த வீட்டில் சிரித்துக்கொண்டிருந்தோம் என்பதை உணர்கிறார்கள். ஒரு குறையையும் சொல்லிவிடல் வேண்டும். அது நடுத்தர வகுப்பாரின் சாள். ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த சாள்கள் அவர் அரங்கிற்குள் நுழையவில்லை.

அக்குறையை வேறொரு தேஷ்பாண்டே ஓரளவு நிரப்பினார். ஔரங்காபாத்தில் நாடகப் பேராசிரியராயிருந்த லட்சுமண் தேஷ்பாண்டே 1979 முதல் நிகழ்த்திய 'வராட் நிகாலய் லண்டன்லா' என்பது, மராத்வாடா கிராமத்துக் கலியாணக் கூட்டம் ஒன்று லண்டனுக்குப் புறப்படும் கதை. ஐம்பத்திரண்டு பாத்திரங்கள், ஒரே நடிகர். புனேக்காரர் பட்டிக்காட்டுப் பேச்சு என்று முகம் சுளித்த மராத்வாடா வழக்கை அவர் கொண்டுவந்தார். அதைப் பேசுவோரே அரங்கை நிறைத்தனர். அவர் 2009இல் மறைந்தார். நிகழ்ச்சி மறையவில்லை, மற்றொரு நடிகர் அதை ஏற்று நடத்துகிறார்.

நம் மக்களுக்கு நேர்ந்தது வேறு. 'படோசன்' (1968) என்னும் இந்திப் படத்தில் மெஹ்மூத் ஏற்ற சங்கீத வாத்தியார் வேடத்தை அறியாதார் இலர். குடுமி, விபூதி, ஐயையோ. நடிப்பில் குறைவில்லை என்பதை ஒப்புக்கொள்வோம். அந்த மனிதருக்குச் சங்கீதம் தெரியும் என்பதையும் படம் மறைக்கவில்லை. ஆனால் அப்படத்திற்குப் பின் இப்பக்கத்துப் பள்ளிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகளைப் பல்லாண்டுக் காலம் அந்த ஐயையோ துரத்திற்று. நம்முள் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

மறந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஏனெனில் நாம் செய்ததும் அதுவே. நமது மேடைகளில் மார்வாடிக் கடைக்காரரும் மலையாள டீக்கடைக்காரரும் பாலக்காட்டுச் சமையற்காரரும் எத்தனை முறை வந்து போயினர்! சில ஆண்டுகளுக்கு முன் ஆண்டுவிழா ஒன்றிற்கு வந்த நகைச்சுவைக் குழுவினர், வடக்கே வளர்ந்த தமிழ்ப் பையன் என்று ஒரு பாத்திரத்தைக் கொண்டுவந்தனர். அவன் 'அம்மா வந்தது, அப்பா போச்சு' என்றான். ழகரம் வருமிடமெல்லாம் தடுக்கி விழுந்தான். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள், நாமும் அவர்களுள் அடக்கம், விழுந்து விழுந்து சிரித்தோம். பின்வரிசையில் இருந்த நம் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்கள் பேசும் தமிழ் அதுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்கு அவர்களை அதட்டி அனுப்பியவர்களும் நாமேதான்.

ஒரே ஒரு மாலை நடந்து மறுநாள் ஊர் திரும்பிவிடும் நிகழ்ச்சியில் இது நேராமலிருக்க வழியில்லை என்றே எண்ணுகிறோம். அக்குழு இந்நகரில் ஒரு மாதம் தங்கி நாள்தோறும் ஆடியிருந்தால், மூன்றாம் நாளே பின்வரிசையின் மௌனம் அவர்கள் காதில் விழுந்திருக்கும். பத்தாம் நாள் அந்தப் பையனுக்கு மறுமொழி சொல்ல ஒரு வாய் கொடுத்திருப்பார்கள்; கடைசி நாளில் அவனே கதாநாயகனாகவும் ஆகியிருக்கக்கூடும். பயணப்படியும் சிற்றுண்டியும் கொடுத்து, மூன்று மணிநேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பும் நாம் அந்த வாய்ப்பை எவருக்கும் தந்ததில்லை. ஆகஸ்டு மாதத்தில் பரத நாட்டிய மந்திரில் புருஷோத்தம் கரண்டக் போட்டி நடக்கிறது, 1963இல் தொடங்கியது. கல்லூரி மாணவர் ஒரு மணிநேர நாடகத்தைப் பல வாரம் ஒத்திகை பார்த்து வந்து நடிப்பதையும், 'அரே ஆவாஜ் குணாச்சா' என்று கூரை பெயர முழங்குவதையும் நம் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள், சிலர் அதில் நடித்துமிருக்கிறார்கள். அங்கே மராத்தியில் எல்லாம் செய்யத் தெரிந்தவர்கள் நமது மேடையில் திருக்குறள் ஒப்பித்துச் சான்றிதழ் பெறுவதோடு நிற்கிறார்கள்.

தன் புண்ணைத் தானே சொல்வதெல்லாம் கலையாகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அத்தகைய நிகழ்ச்சிகள் பல இக்காலத்தில் வெறும் முறையீடுகளாக முடிகின்றன. கேட்பவன் சிரிப்பதா, ஆறுதல் சொல்வதா என்று அறியாமல் விழிக்கிறான். புண்ணைச் சொல்வோன் புண்படுத்தியவனையும் நன்கு கவனித்திருத்தல் வேண்டும். அவன் நடை, அவன் அச்சம், அவன் அறியாமை யாவும் தெரிந்திருத்தல் வேண்டும். பு ல விடம் இருந்தது அந்தக் கவனிப்பே.

அந்த ஆண்டுவிழா முடிந்து, மழை விடுவதற்காக மாடிப்படியில் காத்திருந்தோம். கீழ்ப்படியில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி நான்கைந்து தோழியர்க்கு நடுவே நின்று எதையோ நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சற்று முன் மேடையில் 'அம்மா வந்தது' என்று சொன்ன அதே நடிகராக அவள் ஆகியிருந்தாள். நடிகர் இரவு நேரத்தில் ரயில் நிலையத்துக்குப் போக ஆட்டோ தேடுகிறார். கம்பீரமான செந்தமிழில் தொடங்குகிறார். தெரிந்த நான்கு இந்திச் சொற்களையும் தப்பாகப் பொருத்துகிறார். ஆட்டோக்காரர் சுத்தப் புனே மராத்தியில், அவ்வளவு தூரம் வர முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நடிகரின் மார்பு தாழ்கிறது, கைப்பெட்டி கனக்கிறது, குரல் கெஞ்சுகிறது. ஆட்டோக்காரருக்கும் வீட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது. அப்போது இருவருக்கும் நடுவே மூன்றாவது குரல் ஒன்று வந்தது. ழகரம் தடுக்கும் தமிழில் இவருக்கும், தடையில்லாத மராத்தியில் அவருக்குமாக மாறி மாறி மொழிபெயர்த்து, இருபது ரூபாய் கூடுதலுக்கு வழக்கைத் தீர்த்து வைத்தது. படிகளில் இருந்த பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று கேட்டார்கள். இரண்டாம் முறை அவள் ஆட்டோக்காரரைச் சற்று நீட்டினாள். அது முன்னதினும் நன்றாயிருந்தது. மூன்றாம் முறை தொடங்குவதற்குள் மழை விட்டது; அவள் தந்தையார் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.